பேண்டு மாஸ்டரின் பெருவிரலும் என் புது வேப்பும்

பாசத்துக்கும் பயத்துக்கும் சம அளவில் உரிய அக்கா மியூரியலுக்கு,

தம்பி டிரெவர் எழுதிக்கொள்வது. இங்கே ஹாலிஃபாக்ஸில் நானும் டோரீனும் சௌக்கியம். மழையும் சௌக்கியமாகப் பெய்துகொண்டிருக்கிறது. ஆபரேஷனில் வைத்த உன் புது இடுப்பு ஸ்கார்பரோ கடற்கரை மேட்டில் ஏறி இறங்க ஒத்துழைக்கிறது என்று டோரீன் சொன்னாள். ரொம்ப சந்தோஷம்.

நேற்று நீ டோரீனுக்கு போன் செய்து என் மேல் மூன்று குற்றம் சொன்னாயாம். நான் திரும்பவும் சிகரெட் பிடிக்கிறேன் என்பது ஒன்று. ஹடர்ஸ்ஃபீல்டில் பேண்டுப் போட்டி நடந்த அரங்குக்குத் தீ வைத்தேன் என்பது இரண்டாவது. எங்கள் பேண்டு மாஸ்டர் குரோத்தரின் காலை உடைத்தேன் என்பது மூன்றாவது. அக்கா, இதில் ஒன்றுதான் உண்மை. அதுவும் முழுக் கால் இல்லை, பெருவிரல் மட்டும். உனக்குச் செய்தி சொன்ன புண்ணியவான் யாரென்று எனக்குத் தெரியும், அவரை அப்புறம் கவனித்துக்கொள்கிறேன். நடந்தது என்னவென்று நீ என் வாயால் கேட்க வேண்டும்.

பஸ் ஓட்டிய காலமெல்லாம் நான் எப்படிப் புகைத்தேன் என்று உனக்குத் தெரியும். அதற்கு முடிவு கட்டியது எங்கள் டாக்டர் அம்மாதான். என் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "மிஸ்டர் சக்டன், உங்க நெஞ்சுல பழைய கதவு தொறக்கற சத்தம் வருது. டியூபாவா சிகரெட்டா, ரெண்டுல ஒண்ணுதான் உங்களுக்கு. யோசிச்சு சொல்லுங்க" என்றார். யோசிக்க என்ன இருக்கிறது? நீ அதை அண்டா என்று கேலி செய்தாலும், பேண்டில் அந்தப் பெரிய பித்தளை டியூபாவை மடியில் வைத்து ஊதாத சனிக்கிழமை எனக்கு சனிக்கிழமையே இல்லை. அன்றைக்கே சிகரெட்டை விட்டு, இந்தப் பிள்ளைகள் ஊதிவிட்டுத் தூக்கி எறிகிற பிளாஸ்டிக் வேப்புக்கு, அதுதான் புகைக்குப் பதில் ஆவி விடுகிற மின் சிகரெட்டுக்கு, மாறினேன். அதுவும் பிடித்துப்போயிற்று. போன ஜூனில் சர்க்கார் அதை விற்கவே கூடாதென்று சொல்லிவிட்டது. நான் முன்ஜாக்கிரதையாக என் காலுறை டிராயர் நிறைய வாங்கி அடுக்கியிருந்தேன். ஜனவரியில் டிராயருக்குள் கையை விட்டால் காலுறைதான் வந்தது. அன்று முழுக்க நான் யாரிடமெல்லாம் எரிந்து விழுந்தேன் என்பதை டோரீன் உனக்குத் தனியாகச் சொல்லுவாள். சாயங்காலம் அவள் கோட்டை எடுத்து என் மேல் எறிந்து, "போய் உருப்படியா ஒரே ஒரு சாமான் வாங்கிட்டு வா. நிரப்பி நிரப்பி உபயோகிக்கிற மாதிரி, நம்ம கெட்டில் மாதிரி வருஷக்கணக்கா வரணும். பொட்டிக்கடைப் பக்கம் திரும்பினேன்னு தெரிஞ்சா வீட்டுக்கு வராத" என்றாள்.

கடைத்தெருவில் மூடிப்போன வங்கிக்குப் பக்கத்தில் ஒரு வேப் கடை இருக்கிறது. கெய்லீ என்று ஒரு பெண் நடத்துகிறாள். வருகிற எல்லோரையும், என்னைப் போன்ற கிழவனையும் சேர்த்து, கண்ணு என்றுதான் கூப்பிடுவாள். நான் நேராக விஷயத்துக்கு வந்தேன்.

"நாள்பட உழைக்கணும்மா. எவ்வளவு நாள் வரும்?"

"எது கண்ணு? மெஷினா, உள்ள சூடாகற கம்பி காயிலா, பேட்டரியா?"

"எல்லாமும்தான்."

"மெஷின் ஒழுங்கா வச்சுக்கிட்டா வருஷக்கணக்குல வரும். காயில அப்பப்ப மாத்தணும். பேட்டரி, நீங்க எப்படி இழுக்கறீங்கங்கறதப் பொறுத்தது."

"நான் டியூபா ஊதறவன்."

கெய்லீ என் நெஞ்சை மேலும் கீழும் பார்த்தாள். "அப்படின்னா சாயங்காலம் வரைக்கும் வந்தா பெரிசு" என்றாள்.

அவள் எடுத்துக் காட்டியது உள்ளங்கையில் அடங்குகிற, பார்க்க சோப்புக்கட்டி போன்ற ஒன்று. அதைத்தான் வாங்கியிருக்க வேண்டும். ஆனால் அதற்குப் பக்கத்தில் மெல்லிசாக, வெள்ளி நிறத்தில், பேனா மாதிரி ஒன்று சாய்ந்திருந்தது. சட்டைப் பையில் செருகினால் வங்கி மேலாளர் மாதிரி இருப்பேன் என்று தோன்றிவிட்டது. "அது ஒழுகும் கண்ணு" என்று அவள் சொல்லத்தான் சொன்னாள். நான் கேட்கவில்லை. அது ஒழுகியது. வேறெங்கும் இல்லை, பேண்டின் சிவப்புக் கோட்டுக்குள், பிஷப் வந்திருந்த விழாவில், தேசிய கீதம் வாசிக்கும்போது. உள்ளே ஊற்றுகிற திரவத்தைக் கஸ்டர்ட் சுவையில் கேட்டு வாங்கியிருந்தேன் அக்கா. கோட்டின் இடது பக்கம் முழுக்கக் கஸ்டர்ட். வீடு வரும் வழியில் பக்கத்து வீட்டு நாய் என்னை விட்டு நகரவேயில்லை.

அப்போதுதான் எங்கள் பெரிய டிரம் அடிக்கிற டெஸ்மண்ட் வந்தான். அவன் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டதால் பழையதை எனக்குத் தருவதாகச் சொன்னான். பழையது என்றால் செங்கல். இரும்புப் பெட்டி, முன்னால் நீல வெளிச்சத்தில் ஒரு சின்னத் திரை, உள்ளே இரண்டு பேட்டரி. "மாப்ள, என் காரு இது மேல ஏறி எறங்கியிருக்கு. டயருதான் போச்சு" என்றான். பரீட்சை செய்யாமல் நான் விடவில்லை. அது மாடிப்படியில் உருண்டது. டோரீன் தெரியாமல் மாவு டப்பாவுக்குள் போட்டு மூடினாள். கார் கூரையில் வைத்து மறந்து, நான் கடைத்தெரு வரை ஓட்டிப் போனேன். ஒரு கீறலும் இல்லை, ஒரு முனகலும் இல்லை. அது ஆவி விடுகிற வேகத்தைக் குறைக்க ஏதோ வழி இருக்கிறதாம். டெஸ்மண்டுக்கு அது தெரியவில்லை, எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. முதல் நாள் ஹாலில் உட்கார்ந்து ஒரு இழுப்பு இழுத்து விட்டதும் டிவி மறைந்துபோயிற்று. "டிரெவர், எங்க இருக்க?" என்று டோரீன் கேட்டாள். "இங்கதான், உன் பக்கத்துலதான்" என்றேன். "சளிக்கு ஆவி பிடிக்கிறவங்களப் பாத்திருக்கேன். ஒரு தெருவுக்கே பிடிக்கிறவன இப்பத்தான் பாக்கறேன்" என்று ஜன்னலைத் திறக்கப் போய் ஸ்டூலில் இடித்துக்கொண்டாள். ஆனாலும் மூன்று வாரம், சிகரெட் ஞாபகமே வரவில்லை அக்கா. அதை நீ குறித்துக்கொள்ள வேண்டும்.

இப்போது போட்டிக்கு வருகிறேன். இந்த வருஷம் கடைசி இடத்துக்கு வந்தால் இரண்டாம் பிரிவிலிருந்து மூன்றாம் பிரிவுக்கு இறக்கிவிடுவார்கள். இறங்கினால் பாதிப் பேர் வேறு பேண்டுக்குப் போய்விடுவார்கள், மாஸ்டர் குரோத்தர் குச்சியைக் கீழே வைத்துவிடுவார், பேண்டு என்று ஒன்றே இருக்காது. நடுவருக்கு யார் வாசிக்கிறார்கள் என்று தெரியக் கூடாதென்று, உனக்குத் தெரியுமே, அரங்கின் நடுவில் நாலு பக்கமும் துணி கட்டிய ஒரு பெட்டிக்குள் அவரை அடைத்துவிடுவார்கள். காதால் மட்டும்தான் கேட்டு மார்க் போட வேண்டும். மாஸ்டர் வழக்கம்போல் குதித்துக் குதித்து நடத்தினார். அவர் குதிக்கக் குதிக்க வாசிப்பும் ஓட்டம் பிடிக்கும். மெதுவாகப் போக வேண்டிய நடுப்பகுதியில், கார்னெட் ஊதுகிற கிளெனிஸ் உச்ச சுரத்துக்கு ஏறுகிற இடத்தில் மூச்சு எடுக்க நேரமில்லாமல் சுரத்தை உடைத்துவிட்டாள். அந்தப் பதற்றத்தில் யாரோ தாளத் தட்டு ஒன்றைக் கீழே போட்டார்கள். அது உருண்டு உருண்டு வெகு நேரம் கழித்துத்தான் படுத்தது. கடைசி இடம் நிச்சயம் என்று எனக்கு வியர்த்துக் கொட்டியது. அந்த இடத்தில் டியூபாவுக்கு நீண்ட ஓய்வு. டியூபாவின் வாய் எவ்வளவு அகலம் என்று உனக்குத் தெரியும், அதன் பின்னால் நான் என்ன செய்கிறேன் என்று கடவுளுக்குக்கூடத் தெரியாது. கை தானாகப் பைக்குள் போயிற்று. ஒரே ஒரு இழுப்பு, ஆழமாக.

அந்தக் குழப்பத்தில் ஓய்வின் கணக்கை விட்டுவிட்டேன். மாஸ்டரின் குச்சி நேராக என்னைக் குத்துகிறது, இப்போதே ஊது என்கிறது. வாயை மூடிக்கொண்டு, முடியாது என்று தலையாட்டினேன். அவர் கண்ணை உருட்டி இன்னொரு குத்து குத்தினார். ஊதினேன்.

சுரம் நன்றாகத்தான் வந்தது. கூடவே டியூபாவின் வாயிலிருந்து வெள்ளை வெளேரென்று ஒரு தூண் எழுந்து, விளக்கு வரை போய், அங்கே குடையாக விரிந்தது. அரங்கம் முழுவதும் கஸ்டர்ட் வாசனை. முன் வரிசையில் ஒரு குழந்தை கைதட்டியது. பயத்தில் கையை உதறியதில் செங்கல் எகிறி டியூபாவின் வாய்க்குள் விழுந்து, தொண்டையில் போய்ச் சிக்கிக்கொண்டது. இப்போது உள்ளிருந்து நீல வெளிச்சம் வேறு. தோளில் பட்டை போட்ட அரங்கக் காவலர், பாவம் வயசானவர், "தீ! தீ! நடுவரக் காப்பாத்துங்க!" என்று கத்திக்கொண்டு ஓடிப்போய் பெட்டியின் துணியைக் கிழித்தே விட்டார். உள்ளே நடுவர் ஷூவைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு உட்கார்ந்திருந்தார், கையில் பாதி தின்ற சாண்ட்விச். அவர் எங்களைப் பார்த்தார், நாங்கள் அவரைப் பார்த்தோம். "குட் ஆஃப்டர்நூன்" என்றார், வேறு என்ன சொல்வார்.

போட்டிக் குழு கூடியது. எங்களைப் பார்த்துவிட்டதால் அந்த நடுவரின் மார்க் செல்லாது. எங்களை வெளியேற்ற வேண்டும் என்று ஒருவர் குதித்தார். குழுத் தலைவி விதிப் புத்தகத்தை இரண்டு தடவை புரட்டிவிட்டு, "துணியக் கிழிச்சது நம்ம ஆளு. அதோட அது தீயும் இல்ல, புகையும் இல்ல, வெறும் ஆவி. ஆவிக்கு இதுல விதியே இல்ல" என்று தீர்ப்புச் சொன்னார். எல்லோரும் வாசித்த பிறகு கடைசியாக, வேறொரு நடுவர் முன்னால் நாங்கள் மறுபடி வாசிக்கலாம்.

அதற்குள் டியூபாவைக் காலி செய்ய வேண்டும். கார் நிறுத்துமிடத்துக்குத் தூக்கிப் போய், டெஸ்மண்டும் நானும் தலைகீழாகப் பிடித்து உலுக்கினோம். மாஸ்டர் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்து, "இடது பக்கம் சாய்ங்கடா, இடது பக்கம்! எனக்கு இடது பக்கம்டா!" என்று உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். சாய்த்தோம். வந்தது. நேராக அவர் வலது காலில்.

"ஐயோ, என் வெரலு!"

டெஸ்மண்ட் கீழே குனிந்தான். நான் விரலைத்தான் பார்க்கிறான் என்று நினைத்தேன். "மாஸ்டர், கவலப்படாதீங்க" என்றான் பெருமையாக. "மெஷினுக்கு ஒண்ணும் ஆகல. லைட்டு எரியுது பாருங்க."

மாஸ்டர் அவனிடம் சொன்னதை உனக்கு எழுத முடியாது. செங்கல்லைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். என் பக்கம் திரும்பி, "இன்னிக்கு நீ வெறும் காத்துல ஊதற. நாளைக்கு நீ ஊதறதே இல்ல" என்றார்.

மேடைக்கு அவர் நொண்டிக்கொண்டுதான் வந்தார். குதிக்க முடியவில்லை. நிற்கவும் முடியாமல் பியானோ ஸ்டூல் ஒன்றில் உட்கார்ந்து, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, மணிக்கட்டை மட்டும் மெதுவாக அசைத்தார். அக்கா, அந்தப் பகுதி அவ்வளவு மெதுவாகப் போக வேண்டியது என்று அதுவரை எங்கள் யாருக்கும் தெரியாது. கிளெனிஸுக்கு மூச்சு எடுக்க நேரம் கிடைத்தது. அவள் உச்சிக்கு ஏறி, அங்கேயே நின்று, ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு இறங்கினாள். பிறகு என் நீண்ட ஓய்வு வந்தது. பை காலி. டாக்டர் அம்மா சொன்ன பழைய கதவு திறக்கிற சத்தம் இங்கே கேட்டுவிடுமோ என்று உண்மையாகவே பயந்தேன். உதட்டை அசைத்து அசைத்துக் கணக்குப் போட்டேன். குச்சி என் பக்கம் வந்தது. வெறும் மூச்சு, அவ்வளவுதான். அது குழாயெல்லாம் சுற்றி வெளியே வந்தபோது என் நாற்காலியின் கால் அதிர்ந்தது. பக்கத்து நாற்காலிக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்குக் கண் கலங்கியது, அதை நீ யாரிடமும் சொல்ல வேண்டாம்.

கடைசிக்கு இரண்டு இடம் மேலே வந்தோம். இரண்டாம் பிரிவிலேயே இருக்கிறோம். மாஸ்டர் நொண்டியபடி வந்து செங்கல்லை என் கையில் வைத்து, "உன்னக் கொல்லணும்னுதான் இருந்தேன் டிரெவர். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார். அவருடைய விரல் அவசரப்பட்டு ஆறிவிடக் கூடாதென்று பேண்டில் சிலர் வேண்டிக்கொள்வதாகக் கேள்வி.

ஆகவே அக்கா, நான் சிகரெட் பிடிக்கவில்லை, தீ வைக்கவில்லை. ஒரு டியூபாவும், ஒரு பெருவிரலும், ஒரு காரும் சேர்ந்து அசைக்க முடியாத ஒரு சாமான் எனக்குக் கிடைத்திருக்கிறது. இனி என் ஆயுசுக்கும் வேறொன்று வாங்க வேண்டியதில்லை. நான் போன பிறகும் அது ஓடும். உயிலில் உன் பெயருக்கு எழுதிவைக்கலாமா என்றுகூட யோசிக்கிறேன். உன் இடுப்பும் அதே மாதிரி உறுதியாக இருந்து, நீ பல காலம் எங்களைத் திட்டிக்கொண்டே இருக்க வேண்டுமென்று நானும் டோரீனும் மனதார வேண்டிக்கொள்கிறோம்.

என்றும் உன் பேச்சுக்குக் கட்டுப்பட்ட தம்பி,
டிரெவர் சக்டன்

பி.கு: உறையை ஒட்டிவிட்டுப் பிரித்து இதை எழுதுகிறேன். செங்கல் செத்துவிட்டது. யாரும் போடவில்லை, எதுவும் மேலே விழவில்லை. சமையலறை மேசையில், தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில், சும்மா உட்கார்ந்தபடியே போய்விட்டது. சார்ஜ் போட்டுப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன், டெஸ்மண்டுக்கு போன் போட்டேன். "அப்படியா, எனக்கும் அப்பப்ப அப்படித்தான் ஆகும்" என்கிறான். மேலே அதைப் பற்றி எழுதியது எல்லாவற்றையும் நீயே பேனாவால் அடித்துவிடு. கெய்லீயிடம் அந்தச் சோப்புக்கட்டியை வாங்கக் கிளம்புகிறேன். என்னைத் தனியாக அனுப்ப முடியாது என்று டோரீனும் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறாள். வழியில் சிகரெட் விற்கிற பெட்டிக்கடை இருக்கிறதல்லவா. "நான் கடப் பக்கம் நடந்து வரேன். நீ ரோட்டுப் பக்கம் வா" என்கிறாள்.