உத்தரவு போட்டது யாரு?

சித்திரை வெயிலில் கம்பளி மப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வண்ணார்பேட்டையில் நடந்தவர் உலகத்திலேயே ஒருத்தர்தான். எங்கள் ஹாலந்து வக்கீல்.

“என்ன வக்கீலய்யா, காய்ச்சலா?”

“ஹாலந்துல போர்க்குற்றத்துக்குன்னே கோர்ட்டு இருக்குவே. அங்கன வேலைக்குப் போகப்போறேன். குளிருக்கு இப்பவே பழக வேண்டாமா?”

கழுத்து முழுக்க வேர்க்குரு.

நான் எட்டாவதோடு நின்றவன். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அவர் கொண்டுவரும் போர்க்குற்றத் தாள்களை நகல் எடுக்கும்போதெல்லாம், நம்மையும் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று தெருவை எட்டிப் பார்த்துக்கொள்வேன்.

எந்த வழக்கானாலும் அவருக்கு ஒரே கேள்வி: “உத்தரவு போட்டது யாரு?” செய்தவனைவிட, செய்யச் சொன்னவனைத்தான் பிடிக்க வேண்டுமாம். ஓர் ஆட்டுத் திருட்டில் சாட்சியிடம் இதையே ஏழு தடவை கேட்டார். சாட்சி அழாத குறையாக, “அவன் பொண்டாட்டியா இருக்கும்யா” என்றான். ஜட்ஜே சிரித்துவிட்டாராம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இலங்கை அகதி முகாமிலிருந்து ராசம்மா வருவார். போர் முடிந்தபோது ராணுவத்தின் கைக்குப் போன மகன் திரும்பவில்லை. என் கடை மேசையில்தான் வாக்குமூலம். எழுதியதை வக்கீல் வாசித்துக் காட்டுவார். ராசம்மா சொல்லாத ஒரு வார்த்தை இருந்தாலும் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதுவார். ‘பிடித்துச் சென்றார்கள்’ என்ற வரியில் வாக்குமூலம் மூன்று மாதம் நின்றது.

“அவங்கள் பிடிக்கேல்லை தம்பி. நான்தான் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போய்க் குடுத்தனான். நான்தான் குற்றவாளி எண்டு எழுதுங்கோ.”

அதற்குள் ஹாலந்திலிருந்து பயிற்சிக்குக் கடிதம் வந்துவிட்டது. கிளம்புகிற அன்றைக்கும் மனுசன் அந்த மேசையில்தான் உட்கார்ந்திருந்தார்.

“வக்கீலய்யா, ரயிலுக்கு நேரமாச்சு!” எனக்குத்தான் பதற்றம்.

அவர் மெல்லக் கேட்டார். “கொண்டாந்து குடுக்கச் சொல்லி உத்தரவு போட்டது யாரும்மா?”

இந்தத் தடவை சிரிப்பதற்கு யாருமில்லை.

“ஒலிபெருக்கியில ஒரு பெரிய ஆமிக்காரன். பிள்ளையளைக் கொண்டுவந்து விடுங்கோ, விசாரிச்சுப்போட்டு விடுவம் எண்டவன்.”

“அப்ப குற்றவாளி அவன்தாம்மா. நீங்க இல்ல.”

அப்படியே எழுதி, வாசித்தார். ராசம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு, அத்தனை வருசத்தையும் சேர்த்து அழுதார். வக்கீல் மப்ளரைக் கழற்றிக் கண்ணைத் துடைக்கக் கொடுத்தார். பிறகு அதைக் கடை ஆணியில் காயப்போட்டுவிட்டுத் தாள்களோடு ஓடினார்.

ராசம்மா இப்போதும் ஞாயிற்றுக்கிழமை வந்து, “மறுமொழி வந்ததோ?” என்கிறார். வரவில்லை. வாக்குமூலத்தின் ஒரு நகல் என் மேசையில் இருக்கிறது. காக்கிச் சட்டையைக் கண்டால் அதைப் பேப்பர்க் கட்டுக்கு அடியில் தள்ளிவிடுகிறேன். அப்புறப்படுத்த மட்டும் மனசு வரவில்லை.

மப்ளரும் ஆணியிலேயே தொங்குகிறது. அங்கே பனி கொட்டுமாமே. அந்த மனுசன் கழுத்துக்கு என்ன செய்யுதாரோ.