மேற்குப் பக்கத்துப் பாரம்

மனிதகுலம் கண்டுபிடித்தவற்றுள் தலையாயது நிபுணர் குழு. சக்கரம், நெருப்பு எல்லாம் அதற்கு அப்புறம்தான். சந்தேகம் இருப்பவர்கள் கோசி நதிக்கரைக்கு வந்து திகம்பர் ஜாவைக் கேட்கலாம்.

ஜா பாலம் கட்டும் பொறியாளர். ஆற்றுக்குள் தூண் நிற்க வேண்டுமானால் முதலில் பிரம்மாண்டமான கான்கிரீட் கிணறு ஒன்றை இறக்க வேண்டும். உள்ளிருந்து மணலை அள்ள அள்ள, அது தன் கனத்திலேயே கீழே போகும். ஜாவின் கிணறும் போயிற்று. கிழக்கே சாய்ந்துகொண்டு போயிற்று. தூக்கி நிற்கும் மேற்கு விளிம்பில் பாரம் ஏற்றினால் நிமிர்ந்துவிடும். மணல் மூட்டைகள் கேட்டு மேலிடத்துக்கு எழுதினார். மழைக்கு முன் நிமிராவிட்டால் கோசி கிணற்றைப் படுக்க வைத்துவிடும். கூடவே ஜாவின் வேலையும் படுத்துவிடும். பாவம், மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

மேலிடம் சும்மா இருக்குமா? மூட்டைகளுக்குப் பதில், 'மூட்டைகள் தேவைதானா' என்று ஆராயப் பன்னிரண்டு நிபுணர்களை அனுப்பிவைத்தது. தலைவர் ராம்ஸ்வார்த் பாபு கால் வைத்ததும் படகு பாதி அமிழ, படகுக்காரர் கங்கா மாதாவைக் கூப்பிட்டார்.

மேஸ்திரி ஜோகேஷ்வர் ஜாவின் காதைக் கடித்தார். "பாபு, மூட்டை வந்திருச்சு!"

"வாயை மூடுய்யா. நாற்காலியெல்லாம் கிணத்து மேல மேற்கு ஓரமாப் போடு."

குழு மேற்கே அமர்ந்து, பான் மென்றபடி, புவியீர்ப்பு விசையின் 'சாதக பாதகங்களை' ஆராய்ந்தது. ஜா சாய்வு காட்டும் தூக்குக்குண்டைப் பார்த்தார். நகர்ந்தது! கிணறு முனகிக்கொண்டே நிமிர்ந்தது. உயரதிகாரிகளால் ஒரு பாலத்துக்கு உபகாரம் நடப்பதைக் கண்ணால் கண்ட ஜாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஐயா, அப்படியே இருங்க! இன்னும் கொஞ்ச நேரம் அசையாதீங்க!"

"அசையாம இருக்கறதுக்குத்தானே ஜா ஜி எங்களுக்குச் சம்பளம்" என்றார் தலைவர் பெருமையாக.

அந்த நேரம் பார்த்துச் சாப்பாட்டுப் படகு வந்து கிழக்குப் பக்கம் ஒதுங்கியது. ரோகு மீன் குழம்பு, இனிப்புக்கு மால்புவா.

"எந்திரிக்காதீங்க ஐயா! நானே ஊட்டி விடறேன்!"

"மீன் தலை எனக்கு!" என்று தலைவர் பாய்ந்தார். அதுவரை எதிலும் ஒத்துப்போகாத குழு, அன்று முதன்முறையாக ஒருமனதாகக் கிழக்கே ஓடியது. கிணறும் பின்னாலேயே போயிற்று.

குழு மீனை முடித்துவிட்டு அறிக்கை எழுதியது: 'மேற்குப் பக்கப் பாரத்தால் பயனில்லை. குழுவே அமர்ந்து பரிசோதித்துவிட்டது.' மூட்டை வரவில்லை. மழை வந்தது. கிணறு படுத்தது.

உடனே விசாரணைக் கமிஷன் அமைந்தது. விஷயம் தெரிந்தவர்கள் வேண்டுமல்லவா? அதே பன்னிரண்டு பேர். எதிரே கைகட்டி நின்றார் ஜா.

"மறைக்காமச் சொல்லும். கிணறு கவிழ எந்தப் பாரம் காரணம்? பொத்தாம்பொதுவாச் சொல்லக் கூடாது, ஒண்ணொண்ணா வரணும்!" என்று மேசையைத் தட்டினார் தலைவர்.

"எழுதிக்குங்க ஐயா" என்றார் ஜா. "முதல் பாரம், ராம்ஸ்வார்த் பாபு."