அடுத்த ஆள்

மனைவியை வேலைக்கு அனுப்புவதில்லை என்று அவர் தீர்மானித்தபோது, வேலைக்கான உத்தரவு மனைவியின் கைக்கு வந்து மூன்று நாளாகியிருந்தது. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில், துணி வெட்டும் பிரிவுக்கு மேற்பார்வையாளர். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அங்கே நிற்க வேண்டும்.

"போகாதே" என்று சொல்லும் துணிச்சல் பன்னிரண்டு வருடத்தில் அவருக்கு வாய்த்ததில்லை. ஆனால் அவர் பம்பு கம்பெனியின் மனிதவள மேம்பாட்டு அதிகாரி. நானூறு பேரை நயமாகப் பேசியே வழிக்குக் கொண்டுவந்தவர். ஒருத்தி எம்மாத்திரம்?

"மனிதவள மேம்பாடுன்னா என்ன தெரியுமா?" என்று ஆரம்பித்தார்.

"மேல இருக்கறவங்களுக்கு மேம். கீழ இருக்கறவங்களுக்குப் பாடு."

"விளையாடாதே. ஆளைச் சேர்த்து வேலை வாங்கறது பெருசில்ல. அவனுக்கே தெரியாம அவனுக்குள்ள கெடக்கற திறமையை வெளிய கொண்டுவரணும். அதுக்கு எங்க கம்பெனியில ஒரு விதி. தன் இடத்துக்கு இன்னொரு ஆளைத் தயார் பண்ணாம யாரும் மேல போக முடியாது."

"நல்ல விதிதான்."

"வீட்டுக்கும் அதானே? உன் இடத்துக்கு ஆள் எங்கே?"

மடக்கிவிட்டார். ஆனாலும் மனசு குதிக்கவில்லை. கண் விழிக்கும்போது அடுக்களையில் அவள் முணுமுணுக்கும் பாட்டு இனிமேல் கேட்காது. அதுதான் அவர் குறை. அதை எழுத எந்தப் படிவத்திலும் கட்டமில்லை.

அவள் துணி மடிப்பதை நிறுத்தினாள்.

"ஏங்க, நாலு மாசமா பாப்பாவுக்குத் தலை பின்னறது யாரு?"

"உனக்குத்தான் மணிக்கட்டு வலியாச்சே."

"குக்கர் வைக்கறது?"

"அடுப்புச் சூடு ஒத்துக்கலைன்னியே."

"யூனிபார்ம் தேய்க்கறது?"

"உனக்கு இடுப்பு..." நிறுத்தினார். "இப்ப இடுப்பு எப்படி இருக்கு?"

"ஆர்டர் வந்த அன்னிக்கே சரியாப் போச்சு."

நானூறு பேருக்குப் பயிற்சி கொடுத்தவர் அந்த நாலு மாசத்தை விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். அவள் பக்கத்தில் வந்து அவருடைய சட்டைக் காலரை நேராக்கினாள்.

"மூஞ்சியை ஏன் இப்படி வச்சிருக்கீங்க? அஞ்சு மணிக்கே எழுப்பிடறேன். நான் கெளம்பற வரைக்கும் பாடிட்டே இருக்கேன். போதுமா?"

பாட்டு விஷயத்தை அவர் அவளிடம் சொல்லவே இல்லை. தலையாட்டினார்.

"அப்ப காப்பி?" என்றார், ஒரு நப்பாசையில்.

"பயிற்சிக் காலம் முடிஞ்சுதுங்க. திங்கக்கிழமையிலிருந்து நீங்க பர்மனென்ட்."