இரவல் வாங்கிய ஆண் பூ

மாமியார் வீட்டில் சும்மா இருக்கிற மருமகனால் பெரிய கெடுதி ஒன்றுமில்லை. உதவி செய்யப் புறப்படுகிறானே, அவன்தான் ஆபத்தானவன். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். அப்படி மாங்கேணிக் கடற்கரையிலிருந்து பழுகாமத்துக்குப் போன புதிதில் எனக்கு மீனைத் தெரியும், வலையைத் தெரியும், தோட்டம் மட்டும் சுத்தமாகத் தெரியாது.

மாமி வீட்டைச் சுற்றியிருந்த வளவில் ஒரு பூசணிக் கொடி வளர்த்தார். அதன் முதல் காயை அம்மன் கோயில் சடங்குக்குக் கொடுப்பதாக நேர்த்திக்கடன். வாழைச்சேனையில் இருக்கிற தங்கை வீட்டுக்குப் போகும்போது, "மருமகன், கொடியைப் பாத்துக்கொள்ளுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். (என்னிடம்!) எனக்குத் தலைகால் புரியவில்லை.

பார்த்தேன். சில பூக்களின் அடியில் குட்டிப் பிஞ்சு இருந்தது. மற்றவையெல்லாம் நீளக் காம்பில் சும்மா மினுக்கிக்கொண்டு நின்றன. கரைவலையில் மீனைத் தெரிந்தெடுத்துக் கழிவை வீசி வளர்ந்த புத்தி எனக்கு. காய்க்காத பூவுக்கு என்ன தண்ணீர் வேண்டிக்கிடக்கிறது என்று, தினமும் விடியவே போய் மொட்டுக்கூட விடாமல் பிடுங்கிப் பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போட்டேன்.

பிஞ்சுகள் ஒவ்வொன்றாய்ப் பழுத்து விழுந்தன. நான் இன்னும் தண்ணீர் ஊற்றினேன். மாமி திரும்பி வந்து கொடியைச் சுற்றிப் பார்த்தார்.

"எங்க மருமகன், ஆண் பூவெல்லாம்?"

"காய்க்காத பூதானே மாமி. ஆட்டுக்குப் போட்டுட்டன்."

என் மனைவி கோமதி தலையில் கைவைத்தாள். "ஐயோ கடவுளே! அந்தப் பூவில இருக்கிற மஞ்சள் தூள் பட்டாத்தானே இது காய்க்கும்? தகப்பன் இல்லாம புள்ள வருமா?"

மாமி ஏசவில்லை. "அம்மாளுக்கு நான் என்ன சொல்லுவன்?" என்று மட்டும் கேட்டார். கண் கலங்கியிருந்தது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் விடியவே ஒரு பிஞ்சுப் பூ விரிந்திருந்தது. வெயில் ஏறினால் சுருங்கிவிடும். சைக்கிளை எடுத்துக்கொண்டு, ஊர் எல்லையில் தோட்டம் வைத்திருக்கிற பொன்னம்மா அக்கா வீட்டுக்குப் பறந்தேன். வேலிப் படலையைத் திறக்காமல் வெளியிலேயே நின்று, "அக்கா, ஒரு ஆண் பூ தருவீங்களா?" என்றேன்.

"என்ன தம்பி, மாப்பிள்ளையா வந்து மூணு மாசம் ஆகல்ல, அதுக்குள்ள ஆண் பூ இரவலா?"

தெருவே கேட்கச் சிரித்தார். தெருவும் சிரித்தது. நான் பூவை வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன்.

மாமி அதன் இதழ்களைக் கிழித்துவிட்டு, நடுத்தண்டைப் பிஞ்சுப் பூவுக்குள் மெல்லத் தடவினார். நான் கைகட்டி நின்றேன். தாலி கட்டும்போதுகூட எனக்கு அவ்வளவு பயமில்லை.

அந்த ஒன்று பிடித்தது. பிடித்துப் பெருத்த காயைச் சடங்குக்கு நானே தலையில் சுமந்துபோனேன். அம்மனும் மன்னித்தாள், மாமியும் மன்னித்தார். ஊர் மன்னிக்கவில்லை.

இன்றும் எந்தக் கலியாண வீட்டில் நான் மாப்பிள்ளைக்குக் கைகொடுக்கப் போனாலும் பொன்னம்மா அக்கா பந்தலின் மறுகோடியிலிருந்து சத்தம் போடுவார். போன மாதம் என் மச்சானின் கலியாணத்தில் மாமியே முந்திக்கொண்டார்:

"புள்ளைகள், மாப்பிள்ளையை இறுக்கிப் பிடிங்க! மருமகன் வாறார், பிடுங்கி ஆட்டுக்குப் போட்டுருவார்!"