அத்தான் தோட்டத்தைச் சுற்றிப்போகும் பாதை

சிவகாசி,
தை மாதம், வியாழக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய அத்தான் சுந்தரபாண்டி அவர்களின் சமூகத்திற்கு, தங்கள் மைத்துனன் சீனிவாசகம் வணங்கி எழுதிக்கொள்வது. இவ்விடம் என் சர்க்கரை ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் கட்டுக்குள் இருக்கின்றன. அவ்விடம் தாங்களும், என் அக்கா மாரித்தாயும், கறவை மாடுகளும், மிளகாய்ச் செடிகளும் சுகமாக இருக்கவேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். நமக்குள் ஆறு வருடமாகப் பேச்சு இல்லையே தவிர, வேண்டுதலை நான் நிறுத்தவில்லை.

கையெழுத்தைப் பார்த்ததுமே கடிதத்தைக் கிழித்துப்போடத் தோன்றும். தயவுசெய்து கிழிக்கவேண்டாம். இது தங்கள் நிலம் சம்பந்தப்பட்ட விஷயம். போன திங்கட்கிழமை தாங்கள் முப்பத்தெட்டுப் பேரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு விருதுநகர் கலெக்டர் ஆபீசுக்குப் போய், தங்கள் ஊர் மிளகாய்க் காடுகளின் நடுவே நான்கு வழிச்சாலை போடக்கூடாது என்று மனுக் கொடுத்ததாகக் கேள்விப்பட்டேன். அப்படி ஒரு திட்டமே இல்லை என்று அங்கே சொன்னார்களாம். 'இல்லைன்னு சொல்றாகன்னா கட்டாயம் வருது' என்று தாங்கள் இன்னும் உறுதியாகிவிட்டீர்களாம். அத்தான், அங்கே நான்கு வழிச்சாலை வரவில்லை. ஒற்றையடிப் பாதைகூட வரவில்லை. வந்தது நான்தான்.

நடந்ததை முதலில் இருந்து சொல்லிவிடுகிறேன். முப்பத்துநாலு வருடம் காலண்டர் மிஷினோடு நின்று ரிட்டயர் ஆன மறுவாரமே டாக்டர் என் ரத்தத்தைப் பார்த்துவிட்டுத் தினமும் ஒரு மணி நேரம் நடக்கச் சொன்னார். எங்கே நடப்பது என்று சொல்லவில்லை. நம் ஊர் ரோட்டில் பேப்பர் லோடு லாரிக்கும் பட்டாசு லோடு லாரிக்கும் நடுவில் நடந்தால் சர்க்கரை குறையுமோ இல்லையோ ஆயுள் குறையும் என்று என் மனைவி முத்துச்செல்வி பயந்து, இருட்டில் பளபளக்கிற பச்சைச் சட்டை ஒன்று வாங்கிக் கொடுத்தாள். பக்கத்துத் தெரு தனுஷ்கோடிக்கும் ஒன்று. அவர் இருபத்தொன்பது வருடம் பஸ்ஸில் கண்டக்டராக நின்றவர், இப்போது உட்காரச் சொன்னால் உடம்புக்கு ஒத்துக்கொள்வதில்லை. இரண்டு பேருமாகத் தாயில்பட்டிக்கு பஸ் ஏறி, பட்டாசுக் கம்பெனி வேலிகளை எல்லாம் விட்டு விலகி, ஆற்றைப் பார்க்க நடந்தோம். நல்ல மழை பெய்திருந்த வருடமா, கண்மாய் நிறையத் தண்ணீர். அதைத் தாண்டினால் பனங்காடு, அப்புறம் உடைமரக் காடு, மயில்கள் ஏதோ சொந்த வீட்டு முற்றம் மாதிரி குறுக்கே போகின்றன. கடைசியில் வைப்பாறு. எத்தனை வருடம் காலண்டரில் அருவியும் பனிமலையும் ஓட்டு வீடும் அடித்துத் தள்ளியிருப்பேன்! மிஷினில் இருந்து இறங்கி ஒரு பஸ் ஏறி எட்டு கிலோமீட்டர் நடந்தால் இப்படி ஓர் இடம் இருக்கிறது என்று எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. அன்றைக்கே முடிவு செய்தேன். வாரம் முழுக்கப் பட்டாசு மருந்து வாசனையிலும் மை வாசனையிலும் கிடக்கிற நம் ஜனங்கள் ஞாயிற்றுக்கிழமை நடக்க ஒரு பாதை போடவேண்டும். போடுவது என்றால் மண் வெட்டுவது இல்லை, அத்தான். இருக்கிற வண்டிப்பாதையிலும் வரப்பிலும் அங்கங்கே கல்லில் அம்புக்குறி போடுவது, அவ்வளவுதான்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பாதை நேராகப் போனால் ஆற்றைத் தாண்டித் தங்கள் தோட்டத்து ஓரமாக முந்நூறு அடி போய், அந்தப் பக்கத்து பஸ் ரோட்டைத் தொட்டுவிடும். நான் அதை விட்டுவிட்டு மூன்று கிலோமீட்டர் சுற்றி வரைந்தேன். 'எதுக்குய்யா இப்படிச் சுத்துறீக?' என்று தனுஷ்கோடி கேட்டார். 'அங்கன நாய் இருக்கு' என்றேன். தங்களைச் சொல்லவில்லை, அத்தான். உண்மையிலேயே நாய் இருக்கிறது.

காரணம் தங்களுக்குத் தெரியும். தங்கள் மகள் பிரீத்திகா கல்யாணம். தாய்மாமன் மாலை போட்டுத்தான் பெண்ணை மணவறைக்குக் கூட்டிவரவேண்டும். கார்த்திகை மாதம், காலண்டர் சீசன், விடிந்தால் லோடு ஏற்றவேண்டிய ஆர்டர், மிஷின் நின்றுவிட்டது. ஏழரைக்கு மேல் ஒன்பதுக்குள் முகூர்த்தம். நான் சீர்த்தட்டோடு மண்டபத்தில் நுழைந்தபோது பந்தியில் பாயசம் போய்க்கொண்டிருந்தது. என் இடத்தில் வேறு யாரோ மாலை போட்டு முடித்திருந்தார்கள். தாங்கள் சபை நடுவில் நின்று, 'முகூர்த்த நாளை ஊருக்கெல்லாம் அச்சடிச்சுக் குடுக்கிற மனுசனுக்கு முகூர்த்த நேரம் மட்டும் தெரியாமப் போச்சாக்கும்?' என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. இன்று வரை எனக்குப் பதில் தெரியாது. தெரியாத கோபத்தில்தான் சீர்த்தட்டைத் திருப்பித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். உலகத்தில் எந்தத் தாய்மாமனும் செய்யாத காரியம். அந்தத் தட்டில் வைத்திருந்த பட்டுப்புடவை மடிப்புக் கலையாமல் இன்னும் எங்கள் பீரோவில் இருக்கிறது. பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அது என்னைப் பார்க்கிறது.

சரி, அம்புக்குறிக்கு வருகிறேன். வீட்டுக் கேட்டுக்கு அடித்து மிச்சமிருந்த மஞ்சள் பெயிண்ட்டை எடுத்துக்கொண்டு, பளபளச் சட்டையைப் போட்டுக்கொண்டு, முத்துச்செல்வியின் தையல் டேப்பால் தூரத்தை அளந்து, தனுஷ்கோடி நோட்டில் குறித்துக்கொள்ள, எல்லைக்கல்லில் எல்லாம் அம்பு போட்டு 'கி.மீ. 2', 'கி.மீ. 3' என்று எழுதிக்கொண்டே போனோம். போன இடமெல்லாம் ராஜ உபசாரம். ஒரு காட்டில் மோர், அடுத்த காட்டில் இளநீர். பாலகுரு என்று ஒரு மிளகாய்க்காரர் கோழி அடித்துக் குழம்பு வைத்து, இலைக்கு எதிரே நின்று, 'சார், எப்ப ஆரம்பிக்கிறீக?' என்றார். 'பொங்கல் முடிஞ்ச முதல் ஞாயிறு' என்றேன். 'நம்ம காட்டுக்கு ஏதும் பாதகம் வருமா?' என்றார். 'ஓரமாத்தான் போகும்' என்றேன். அவருக்கு முகம் வெளுத்துப்போனது. நடக்கிறவர்களிடம் இந்தப் பகுதியில் எவ்வளவு மரியாதை என்று நான் தனுஷ்கோடியிடம் பெருமைப்பட்டுக்கொண்டே வீடு வந்தேன்.

நாங்கள் முதுகைத் திருப்பியதும் நடந்தது அப்போது எங்களுக்குத் தெரியாது. பாலகுரு தன் காட்டில் இருந்த அம்பைச் சுரண்டி அழித்துவிட்டு, தன் பங்காளி பாண்டிச்செல்வம் காட்டைப் பார்த்து வேறு அம்பு போட்டிருக்கிறார். பாண்டிச்செல்வம் காடு களர் நிலம், புல்லும் முளைக்காது. சாலைக்குப் போனால் நஷ்டஈடாவது கிடைக்குமே என்று அவர் தன் பங்குக்கு ஐந்தாறு அம்பு சேர்த்துப் போட்டிருக்கிறார். நிலம் நல்லாயிருந்தவர்கள் எல்லாம் அம்பைத் தள்ளிவிட, நிலம் வீணாய்ப் போனவர்கள் எல்லாம் இழுத்துக்கொள்ள, சிலர் பெயிண்ட் வாங்கச் சோம்பிக் கல்லையே பிடுங்கி நட, நான் போட்ட எட்டு கிலோமீட்டர் பாதை பத்தே நாளில் கோழி கிண்டிய குப்பை ஆகிவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை, நான் அடித்த நோட்டீஸைப் பார்த்து இருபத்துமூன்று பேர் எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தோடு என் பின்னால் வந்தார்கள். நான் போட்ட பாதை, நானே சந்தேகப்பட முடியுமா? அம்பு காட்டிய வழியெல்லாம் போனேன். கண்மாயை இரண்டு தடவை சுற்றினோம். 'இப்பத்தான போனீக?' என்று ஆடு மேய்க்கிற அம்மா கேட்டது. 'உடம்புக்கு நல்லது' என்றேன். அடுத்து ஒரு கல், யாரோ பிடுங்கி நெட்டுக்குத்தலாக நட்டிருக்கிறார்கள், அம்பு நேரே வானத்தைக் காட்டுகிறது. இருபத்துமூன்று பேரும் அண்ணாந்து பார்த்தோம். தனுஷ்கோடிதான், 'அந்த ஸ்டாப்பிங்குக்கு இன்னும் நேரம் கெடக்கு, வாங்க போவம்' என்று விசிலடித்துக் காப்பாற்றினார். அங்கிருந்து ஏழு அம்பும் ஒரே காட்டுக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டது. வரப்பில் பாண்டிச்செல்வம், பட்டா நகலைக் கையில் பிடித்துக்கொண்டு, வேட்டி மடிப்புக் கலையாமல் நிற்கிறார்.

விஷயத்தைச் சொன்னேன். மனுஷனுக்கு நம்பிக்கை வரவில்லை. 'வெறுமன நடக்கவா வந்தீக? இருபத்திமூணு பேரும்? வேற சோலி இல்லாமயா?' என்று ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் பட்டாவை மடித்து இடுப்பில் செருகினார். 'அப்ப நானும் வாரேன். ஆத்துல ஊத்துத் தோண்டிக் குடிச்சு எம்புட்டு நாளாச்சு' என்று முன்னால் நடந்தார். அவருடைய ஒன்றுக்கும் ஆகாத களர் நிலத்துக்குப் பின்னால், அத்தான், ஆறு வளைகிற இடத்தில் நாலு மருத மரம் நிற்கிறது. என் வரைபடத்தில் அது இல்லவே இல்லை. நிழல் என்றால் அப்படி ஒரு நிழல். மணலில் கையால் தோண்டினால் தண்ணீர். லேபிள் கம்பெனியில் வேலை பார்க்கிற சுகிர்தா என்கிற பெண் தண்ணீருக்குள் காலை விட்டுக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தது. அப்புறம், 'ஞாயித்துக்கெழமைன்னா தூங்குறதுக்குன்னு நெனச்சிட்டேன் சார்' என்றது. ஊரே சேர்ந்து கெடுத்த பாதை நான் போட்ட பாதையைவிட நல்ல பாதையாக இருக்கிறது. பாண்டிச்செல்வம் எலுமிச்சைச் சாதம் இரண்டு பொட்டலம் சாப்பிட்டார்.

அங்கேதான் கடைசிக் கல்லைப் பார்த்தேன். ஆற்றின் இக்கரையில், நான் எந்தக் காலத்திலும் அம்பு போடாத இடத்தில், மஞ்சளாக ஓர் அம்பு அக்கரையைக் காட்டுகிறது. அக்கரையில் தங்கள் தோட்டம். நீலத் தண்ணீர்த்தொட்டி தெரிந்தது. கொடியில் ஒரு சேலை காய்ந்தது. அது அக்காவுடையதா என்று எனக்குத் தெரியவில்லை. ஆறு வருடத்தில் என் அக்கா என்ன நிறத்தில் சேலை கட்டுகிறாள் என்பதுகூடத் தெரியாதவனாகிவிட்டேன். பிறகு அம்பின் நுனியைப் பார்த்தேன், அதில் ஒரு சிவப்புப் பொட்டு. பட்டாசு ஊர்க்காரனுக்குச் சிவப்பு என்றால் அபாயம்தானே? யாரோ வேண்டாதவர் தங்கள் பக்கம் சாலையைத் தள்ளிவிடப் போட்டிருக்கவேண்டும், அல்லது தாங்களே இதற்கு மேல் கால் வைக்காதே என்று எனக்குச் சொல்லியிருக்கவேண்டும். எப்படிப் பார்த்தாலும் அதற்கு மேல் போகக்கூடாது என்று முடிவு செய்தேன். கண் கலங்கியதில் கல்லும் சரியாகத் தெரியவில்லை. தனுஷ்கோடி அதைப் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். இருபத்துமூன்று பேரையும் வந்த வழியே திருப்பிக் கூட்டிவந்துவிட்டேன்.

ஆகவே அத்தான், தங்களைப் பணிவோடு கேட்டுக்கொள்வது என்னவென்றால், சாலை வராது, மனுவை வாபஸ் வாங்கிக்கொள்ளுங்கள். தாங்கள் வீணாக அலைந்ததற்கு என்னை மன்னியுங்கள், கல்யாணத்தில் நடந்ததற்கும் சேர்த்தே மன்னித்துவிட்டால் எனக்கு வேலை மிச்சம். பெரிய மனது வைத்து அந்த முந்நூறு அடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நடக்க அனுமதி தரவேண்டும். செடியில் ஒரு மிளகாயைத் தொடமாட்டோம். அனுமதி இல்லை என்றாலும் நான் வருத்தப்படமாட்டேன். பொய். ரொம்ப வருத்தப்படுவேன்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். பிரீத்திகாவுக்கும் மாப்பிள்ளைக்கும் இந்த மாமன் வாசலுக்கு வெளியே நின்று சொல்கிற ஆசீர்வாதம். மழை பெய்து, மிளகாய் சிவந்து, தங்களுக்கு என் மேல் உள்ள கோபம் மட்டும் வெளுக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்குப் பயந்துகொண்டே காத்திருக்கும்
சீனிவாசகம்

பி.கு.: மேலே எழுதியதில் பாதியைத் தாங்கள் படிக்கவேண்டியதில்லை. கவரை ஒட்டப்போகும்போது முத்துச்செல்வி அந்தப் போட்டோவை வாங்கிப் பார்த்தாள். 'இதுவா பெயிண்டு? மஞ்சள அரைச்சுப் பூசியிருக்கு. செவப்பு அபாயமும் இல்ல, ஒண்ணும் இல்ல, குங்குமம். கண்ணாடியப் போட்டுப் பாருங்க' என்றாள். போட்டுப் பார்த்தேன். நான் முதன்முதலில் சைக்கிள் வாங்கியபோது ஹேண்டில்பாரிலும், வேலைக்குச் சேர்ந்த அன்று என் டிபன் கேரியரிலும் இதே மாதிரி மஞ்சள் பூசி நுனியில் பொட்டு வைத்த கை உலகத்தில் ஒன்றுதான் உண்டு. பாதையைப் பற்றி நான் அடித்த நோட்டீஸ் பத்து, தங்கள் ஊர் டீக்கடையில் போட்டு வைத்திருந்தேன். வடை மடிக்கத்தான் ஆகியிருக்கும் என்றிருந்தேன். கீழே என் பெயர் இருந்தது. தாங்கள் மனு எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் அக்கா அதைப் படித்துவிட்டு ஆற்றைத் தாண்டி வந்திருக்கிறாள், அத்தான். முட்டி வலியோடு.

எனவே அனுமதி கேட்ட பத்தியை அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளவும். உத்தரவு தங்கள் வீட்டில் இருந்தே வந்துவிட்டது. மனுவையும் வாபஸ் வாங்கவேண்டாம். சாலை வரக்கூடாது, நடக்கிறவர்கள் வரலாம் என்று ஒரு வரி சேர்த்து எழுதி வையுங்கள், முப்பத்தொன்பதாவது கையெழுத்து நான் போடுகிறேன். பனியில் மஞ்சள் கரைந்துவிடும் என்பதால் தள்ளிப்போட முடியாது. இந்த ஞாயிற்றுக்கிழமையே பட்டுப்புடவையோடு வருகிறேன், பின்னால் இருபத்துமூன்று பேர், பாண்டிச்செல்வத்தோடு இருபத்துநாலு. ஏழரைக்கு நல்ல நேரம், நானே அச்சடித்த காலண்டரில் பார்த்துவிட்டேன். இந்தத் தடவை ஏழு மணிக்கே ஆற்றங்கரையில் நிற்பேன். நாயை மட்டும் கட்டிப்போடவும்.