நான் முதுகு கொடுத்த பரீட்சை

சும்மா படுத்துக்கிடப்பது சுலபமான வேலை என்று நினைப்பவர்கள், அடுத்தவருடைய மார்க்கை முதுகில் சுமந்துகொண்டு படுத்துப் பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன்.

என் மனைவியின் அக்கா பெண் வித்யா செம்பூரில் பிஸியோதெரபி படித்துக்கொண்டிருந்தாள். கடைசி செய்முறைத் தேர்வு. குப்புறப் படுத்திருப்பவரின் முதுகெலும்பை இடுப்புக்குச் சற்று மேலே உள்ளங்கையால் ஒரே சீராக அழுத்தி அழுத்தி விட வேண்டும். வித்யாவின் கைக்கு அவசரம் அதிகம். ஏற்கெனவே ஒரு தடவை தோற்றிருந்தாள். அதனால் அவள் புறங்கையில் தீப்பெட்டி அளவு சென்சார் ஒன்றைக் கட்டிப் பழக்கினார்கள். கை எவ்வளவு தூரம் போய் வருகிறது என்பது திரையில் அலையாக ஓடும். பச்சைப் பட்டைக்குள் ஓடினால் சரி. வெளியே போனால் சிவப்பு, கூடவே ஒரு பீப். அந்த பீப்புக்குப் பயந்தே கை படிந்துவிட்டது. தேர்விலும் அதே தீப்பெட்டிதான். இந்தத் தடவையும் தவறினால் ஒரு வருடம் போச்சு.

தேர்வன்று காலை, படுத்துக்கொள்ள வேண்டிய தோழிக்குக் காய்ச்சல்.

"ஒங்க சித்தப்பாவை அழைச்சுண்டு போ. ஞாயித்துக்கிழமை சோபால படுத்தார்னா பூகம்பம் வந்தாலும் அசைய மாட்டார்" என்று மனைவி சிபாரிசு செய்தாள். (கல்யாணமானதிலிருந்து என்னைப் பற்றி அவள் சொன்ன ஒரே நல்ல வார்த்தை. அதையும் நான் பொய்யாக்கிவிட்டேன்.)

சோபா வேறு, தேர்வு மேஜை வேறு என்பது சட்டையைக் கழற்றிக் குப்புறப் படுத்த பிறகுதான் புரிந்தது. மூக்கு அரித்தது. கால் கட்டைவிரல் என் அனுமதியில்லாமல் ஆடியது. அதை அடக்கினால் முழங்கால் கிளம்பியது. தேர்வாளர், கண்டிப்பான ஒரு மராட்டிய அம்மாள், தலையாட்டினார். வித்யா இடுப்பருகே கை வைத்தாள். நான் நகர்ந்தேன்.

இதற்கு நான் பொறுப்பல்ல. காட்கோபரிலிருந்து ஃபோர்ட்டுக்குப் பல வருடங்களாக லோக்கல் ரயிலில் போய் வருபவன். மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆளுக்கு இடம் விடுவது இந்த ஊர் தர்மம். இடுப்பில் கை பட்டால், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமலே நாலு விரல் நகர வேண்டும். மூளைக்குத் தகவல் போகாது. இடுப்பே முடிவு செய்துவிடும்.

அவள் அழுத்த, நான் நகர, என்னோடு அவள் கையும் வர, பீப். கை தானாகப் போகிறதா, முதுகு இழுத்துக்கொண்டு போகிறதா என்று தீப்பெட்டிக்கு எப்படித் தெரியும்?

வித்யா என் காதருகே குனிந்தாள். "சித்தப்பா, தாதர் ஸ்டேஷன் இன்னும் வரலை. அசையாதேங்கோ."

மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பிடித்ததை எங்காவது விட்டுத்தானே ஆக வேண்டும். விட்டேன். திரையில் மேற்குத் தொடர்ச்சி மலை எழும்பியது. பீப், பீப், பீப்.

இதற்குள் நான் மேஜையின் விளிம்புக்கு வந்திருந்தேன். என்னை நடுவுக்கு வரவழைக்கும் நல்லெண்ணத்தோடு அந்த அம்மாள் தோளைத் தொட்டு, "அங்கிள், தோடா ஸரக்கியே" என்றார். கொஞ்சம் தள்ளுங்கள். தினமும் இரண்டு வேளை ரயிலில் கேட்கிற வார்த்தை. எந்தப் பக்கம் என்று கேட்கும் வழக்கம் அங்கே கிடையாது. கை பட்ட தோளுக்கு எதிர்ப்பக்கம் தாராளமாகத் தள்ளினேன்.

அந்தப் பக்கம் மேஜை இல்லை.

என்னை எழுப்பி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அம்மாள் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுத் தானே மேஜையில் குப்புறப் படுத்து, "அப் கரோ", இப்போது செய், என்றார்.

வித்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு கை வைத்தாள். அலை பச்சைக்குள்ளேயே ஓடியது. கடைசிவரை ஒரு பீப் இல்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது வித்யா அதே கல்லூரியில் சொல்லிக்கொடுக்கிறாள். கை செய்யும் தப்பு எது, பேஷண்ட் செய்யும் தப்பு எது என்று காட்ட என் அலையைத்தான் போடுகிறாளாம். 'அங்கிள் வேவ்' என்று பெயர்.

போன வருடம் மாட்டுங்காவில் அவளுக்குக் கல்யாணம். குடும்பப் போட்டோவுக்கு மேடை ஓரமாக நின்றேன். போட்டோக்காரர், "சார், கொஞ்சம் தள்ளுங்கோ" என்றார். ஆல்பத்தில் எல்லோரும் காமிராவைப் பார்க்கிறார்கள். கல்யாணப்பெண் மட்டும் இரண்டு கையாலும் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மேடை விளிம்பைப் பார்க்கிறாள்.