ஓய்வுப் பதிவேடும் மூன்றாம் மாடியும்

ஓய்வு பெற்றவர் ஓய்வாக இருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. அரசாங்கத்துக்கும் இல்லை. ஆகவே, வெளிநாட்டிலிருந்து வந்து கிராமப்புறத்தில் குடியிருக்கும் ஓய்வு பெற்றோருக்கு அது வழங்கிய அனுமதிச் சீட்டின் நான்காம் நிபந்தனை இப்படிச் சொன்னது: "அனுமதி பெற்றவர் எந்த வேலையும் செய்யாமல் அமைதியாக வாழ்வார்."

லிஃப்ட்காரர் அதில் சந்தோஷமாகவே கையெழுத்துப் போட்டார். முப்பத்து நான்கு வருடம் பல நாட்டு நகரங்களில் லிஃப்ட் பழுது பார்த்தவர் அவர். இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களிடம் "பதறாதீங்க, இதோ வந்துட்டேன்" என்று ஆறு மொழிகளில் சொல்லத் தெரியும். ஓய்வு பெற்றதும், மாடி வீடே இல்லாத இடமாகத் தேடி இந்தக் கிராமத்தைப் பிடித்தார். திரும்பிப் போகச் சொந்த ஊர் இருந்தது. அங்கே வீடு இல்லை.

அவர் மனைவி அவரோடு பதினொரு வாடகை வீடு மாறியவர். ஒவ்வொரு முறையும் சாமான் கட்டிய அட்டைப் பெட்டிகளை மடித்து அடுத்த முறைக்காகக் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டவர். இங்கே வந்த முதல் வாரம் அந்தப் பெட்டிகளையெல்லாம் கத்தியால் கிழித்து, களை முளைக்காமல் இருக்கத் தோட்டத்தில் பரப்பி, மேலே மண்ணைப் போட்டார்.

"இனிமே என்னைப் பெட்டி கட்டச் சொன்னீங்கன்னா, உங்களைத்தான் உள்ள வெச்சுக் கட்டுவேன்" என்றார்.

முதல் மூன்று வருடம் அனுமதியைப் புதுப்பிப்பது சுலபமாக இருந்தது. மாவட்ட அலுவலகத்தின் தரைத்தளத்தில் ஒரு ஜன்னல். ஜன்னலுக்குப் பின்னால் ஒரு எழுத்தர்.

"சும்மாதானே இருக்கீங்க?"

"சும்மாதாங்க."

முத்திரை விழுந்துவிடும். மொத்தம் நான்கு நிமிடம்.

நான்காம் வருடம் தலைநகரத்தில் ஓய்வு நாகரிகமாகிவிட்டது. படித்தவர்கள் உட்காருவதற்கு வகுப்புக்குப் போனார்கள். தாங்கள் மூச்சு விடுகிறோமா என்பதைக் கைக்கடிகாரத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். 'நான் எதுவும் செய்யவில்லை' என்று எழுதிய சட்டையைப் போட்டுக்கொண்டு அவசரமாக எங்கெங்கோ போனார்கள். மக்கள் ஒன்றை விரும்பிவிட்டால் அதற்கு ஒரு பிரிவு தொடங்குவது அரசாங்கத்தின் கடமை. மாவட்ட அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் ஓய்வு உறுதிப்பாட்டுப் பிரிவு தொடங்கப்பட்டது. அதற்கு ஒரு பெண் ஆய்வாளர், ஒரு தணிக்கையாளர், இரண்டு உதவியாளர்கள் நியமிக்கப்பட்டார்கள்.

ஆய்வாளர் முதல் ஆய்வுக்கு வந்தபோது லிஃப்ட்காரர் பக்கத்து மாட்டுக்காரரின் கொட்டகையில் ஏணி மேல் நின்றுகொண்டிருந்தார்.

"நீங்கதான் ஓய்வு பெற்றவரா?"

"ஆமாங்க."

"ஏணியில என்ன பண்றீங்க?"

"சும்மாங்க. கதவு இறங்கிப்போச்சு. கீலை மாத்திட்டிருக்கேன்."

"சும்மான்னா?"

லிஃப்ட்காரர் யோசித்தார். "சும்மான்னா... சும்மாதாங்க."

'ஓய்வின் வகை தெளிவாக இல்லை' என்று ஆய்வாளர் எழுதினார். கீழே ஏணியைப் பிடித்திருந்த மாட்டுக்காரர் நல்ல மனசோடு குறுக்கிட்டார்.

"இதை வேலைன்னு எடுத்துக்காதீங்கம்மா. அண்ணனுக்கு இதுல ஒரு சந்தோஷம். பால் கறக்கிற மெஷினைக்கூட அவர்தான் பார்த்துக்குறார்."

"சந்தோஷமாவா செய்றார்?"

"ரொம்ப சந்தோஷமாம்மா!"

'விருப்பத்துடன், தொடர்ந்து' என்று ஆய்வாளர் எழுதி அடியில் கோடு போட்டார். பிறகு பையிலிருந்து தடிமனான பதிவேடு ஒன்றை எடுத்து ஏணியின் கடைசிப் படியில் வைத்தார். ஓய்வு தொடங்கிய நேரம், முடிந்த நேரம், உடல் இருந்த நிலை, இடையூறுகள், உறவினர் அல்லாத ஒரு சாட்சியின் கையெழுத்து. தினமும் எட்டு மணி நேரம்.

"எட்டு மணி நேரம் எதுக்குங்க?"

"உங்களுக்குக் கொடுத்திருக்கிறது முழுநேர ஓய்வுக்கான அனுமதி. பகுதிநேரமா ஓய்வெடுக்க விதியில இடமில்லை" என்றார் ஆய்வாளர்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு லிஃப்ட்காரர் மரத்தடியில் நாற்காலி போட்டு ஓய்வைத் தொடங்கினார். எதிரே இன்னொரு நாற்காலியில் சாட்சியாக மாட்டுக்காரர். ஒருவர் ஓய்வெடுப்பதை எட்டு மணி நேரம் பார்த்தால்தானே எட்டு மணி நேரத்துக்குக் கையெழுத்துப் போட முடியும்? பொய்க் கையெழுத்துப் போடும் பழக்கம் மாட்டுக்காரருக்கு இல்லை.

முதல் நாளே ஒரு சட்டச் சிக்கல் வந்தது. சாப்பிடுவது ஓய்வா? லிஃப்ட்காரர் கடிதம் எழுதிக் கேட்டார். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. 'மெல்லுவது உழைப்பு எனவும், விழுங்குவது ஓய்வு எனவும் கருதப்படும். ஆகவே உணவு நேரத்தில் பாதியைக் கழித்துக்கொள்ளவும்.' மனைவி அன்றிலிருந்து மெல்ல வேண்டாதபடி குழைவாகச் சமைத்தார்.

மூன்றாம் வாரம் பால் கறக்கும் மெஷின் சத்தம் மாறியது. டக், டக், டடக். லிஃப்ட்காரரின் வலது கை தானாக எழுந்தது.

"பெல்ட் தளர்ந்திருக்கு" என்றார்.

வாசலில் நின்ற மனைவி, "காதுல விழட்டும். கை நீளக் கூடாது" என்றார்.

"ரெண்டு நிமிஷ வேலைம்மா."

"எனக்கு ரெண்டு மாச வேலை. எத்தனை பெட்டி கட்டணும் தெரியுமா?"

கை இறங்கியது. பதிவேட்டில், இடையூறுகள் என்ற கட்டத்தில், 'ஒரு சத்தம்' என்று எழுதினார். நாலாவது நாள் மெஷின் நின்றே போனது. மாட்டுக்காரர் பதினான்கு மாடுகளையும் விடிவதற்கு முன்பே கையால் கறந்துவிட்டு, ஒன்பது மணிக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சாட்சி சொல்ல வந்தார். நொண்டி நடக்கவும் ஆரம்பித்திருந்தார். லிஃப்ட்காரர் அவர் முகத்தைப் பார்க்காமல் ஓய்வெடுத்தார். சட்டைப் பையில் இருந்த கண்ணாடிக் கூட்டை மட்டும் அவ்வப்போது தடவிக்கொண்டார். அதற்குள் கண்ணாடி இல்லை, ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர் இருந்தது. மனைவிக்கு அது தெரியும். தெரியாத மாதிரி இருந்தார்.

காய்ச்சல் வந்த ஒரு நாள் அவரால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. ஓய்விலிருந்து ஒரு நாள் விடுப்பு கேட்டு விண்ணப்பித்துவிட்டு வீட்டுக்குள் போய்ப் படுத்தார்.

தொண்ணூறு நாள் முடிந்தபோது பதிவேட்டில் ஓர் அடித்தல் திருத்தம்கூட இல்லை. மூன்றாம் மாடி மகிழ்ந்துபோனது. 'முன்மாதிரி ஓய்வு' என்று அறிவித்து, தலைநகரத்திலிருந்து ஆட்களைப் பேருந்தில் அழைத்துவந்து புல்தரையில் உட்காரவைத்தது. அவர்கள் குறிப்பெடுத்தார்கள். ஒருவர் நாற்காலியின் உயரத்தை அளந்துகொண்டார்.

"எப்படி சார், இவ்வளவு இயல்பா?" என்று கேட்டார் அளந்தவர்.

"பழக்கம்தாங்க" என்றார் லிஃப்ட்காரர். அவருக்கு முதுகு விட்டுப்போயிருந்தது.

பிறகு தணிக்கை நடந்தது. பத்து நாளில் ஒரு கடிதம் வந்தது.

'தாங்கள் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை, உணவு இடைவேளையுடன், மேற்பார்வையின் கீழ், பதிவேடு பராமரித்து, முறைப்படி விடுப்பு விண்ணப்பித்து, பொதுமக்களுக்குப் பயிற்சியும் அளித்து வருவது தெரியவந்துள்ளது. இவை அனைத்தும் வேலையின் இலக்கணங்களாகும். எனவே தாங்கள் ஓய்வு என்னும் வேலையைச் செய்து, நான்காம் நிபந்தனையை மீறியுள்ளீர்கள். முப்பது நாட்களுக்குள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். ஆட்சேபணை இருப்பின் கணவன், மனைவி இருவரும் மூன்றாம் மாடிக்கு நேரில் வரவும். ஒருவர் மட்டும் வந்தால் ஏற்கப்படாது.'

மனைவி அதை இரண்டு முறை படித்தார். பிறகு தோட்டத்துக்குப் போய், மண்ணைக் காலால் விலக்கிப் பார்த்தார். அட்டைகள் மண்ணோடு மண்ணாகியிருந்தன.

"ஒண்ணுகூடத் தேறாது" என்றார். அவர் குரல் அப்படி இறங்கி லிஃப்ட்காரர் கேட்டதில்லை.

குறித்த நாளில் மாட்டுக்காரர்தான் தன் வண்டியில் இருவரையும் அழைத்துப்போனார். அவருக்கும் அங்கே வேலை இருந்தது. கொட்டகைக்குக் கூரை மாற்ற அனுமதி கேட்டு இரண்டு வருடமாகக் காத்திருந்தார். அந்தப் பிரிவும் மூன்றாம் மாடியில்தான். மாவட்டத்தில் மக்களுக்கு வேண்டிய ஏழு பிரிவுகளும் மூன்றாம் மாடியில்தான் இருந்தன.

அந்தக் கட்டடத்தில் ஒரு லிஃப்ட் இருந்தது. அதன் கதவில், 'பழுது பார்க்கப்படுகிறது. சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று ஒரு பலகை பதினொரு வருடமாகத் தொங்கியது. எழுத்து மங்கியதால் பலகைக்கு மட்டும் இரண்டு முறை வர்ணம் பூசியிருந்தார்கள். அருகே ஒரு நாற்காலியில் லிஃப்ட் இயக்குபவர் சீருடையில் உட்கார்ந்திருந்தார். கூடத்தில் ஊன்றுகோல் வைத்தவர்களும், கைக்குழந்தைக்காரர்களும், முழங்கால் பிடித்தவர்களுமாக ஐம்பது பேர் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மொத்தம் அறுபத்தாறு படி.

மனைவி பதினொரு படி ஏறினார். பன்னிரண்டாவது படியில் உட்கார்ந்துவிட்டார்.

"முட்டி மடங்க மாட்டேங்குது. நீங்க போங்க."

"ஒருத்தர் போனா செல்லாதே."

"அப்போ பெட்டி வாங்கப் போலாம்."

லிஃப்ட்காரர் இறங்கி வந்து இயக்குபவரிடம், "இதுல என்ன கோளாறு?" என்று கேட்டார்.

"எனக்கு எப்படிங்க தெரியும்? நான் இயக்குறவன். அது ஓடினாத்தான் எனக்கு வேலையே ஆரம்பம்."

படிக்கட்டின் அடியில், இருட்டில், லிஃப்டின் கட்டுப்பாட்டுப் பெட்டி இருந்தது. லிஃப்ட்காரர் கண்ணாடிக் கூட்டைத் திறந்தார். பெட்டிக்குள் எதுவும் உடைந்திருக்கவில்லை. உள்ளங்கையில் அடங்கும் ஒரு பாகத்தை, ரிலே என்பார்கள் அதை, யாரோ கழற்றி, துணியில் சுற்றி, முடிச்சுப் போட்டு அங்கேயே வைத்திருந்தார்கள். அவர் அதைத் துடைத்து அதன் இடத்தில் பொருத்தினார். ஆளில்லாமல் இரண்டு முறை மேலும் கீழும் அனுப்பிப் பார்த்தார். பன்னிரண்டு நிமிடம். மூன்று மாதத்தில் அவருக்கு உண்மையான ஓய்வு கிடைத்தது அந்தப் பன்னிரண்டு நிமிடம்தான்.

"ஐயோ, இப்போ நான் என்ன பண்ணணும்?" என்று இயக்குபவர் எழுந்து நின்றார்.

"பட்டனை அமுக்குங்க."

மூன்றாம் மாடியில் கதவு திறந்தது. படியேறி வருகிறவர்களின் மூச்சிரைப்பு இரண்டாம் மாடியிலேயே கேட்டுவிடும் என்பதால், அந்த மாடிக்கு யாரும் இதுவரை சொல்லாமல் வந்ததில்லை. இப்போது லிஃப்ட்காரரும் மனைவியும் ஆறு பேரும் சத்தமில்லாமல் வந்து நின்றார்கள். இரண்டு உதவியாளர்கள் நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்திருந்தார்கள். தணிக்கையாளர் வெந்நீர்த் தொட்டியில் காலை வைத்துக் கண்ணை மூடியிருந்தார். ஆய்வாளர் ஜன்னல் ஓரத்துத் தக்காளிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். இவ்வளவு குறையில்லாத ஓய்வை லிஃப்ட்காரர் பார்த்ததே இல்லை. பதிவேடு மட்டும்தான் இல்லை.

அடுத்த நடையில் எட்டுப் பேர் வந்தார்கள். அதற்கடுத்து இன்னும் எட்டுப் பேர். எல்லோர் கையிலும் கோப்பு. வெந்நீர்த் தொட்டி கவிழ்ந்தது. ஆய்வாளர் லிஃப்ட்காரரைத் தனி அறைக்கு இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினார்.

"லிஃப்டைத் தொட்டது யாரு?"

லிஃப்ட்காரர் கண்ணாடிக் கூட்டைச் சட்டைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினார்.

"நீங்க தொட்டிருந்தா அது வேலை. இன்னைக்கே கிளம்பணும். நீங்க தொடலைன்னா லிஃப்ட் ஓடியிருக்காது. லிஃப்ட் ஓடலைன்னா நீங்க வேலை செய்யலை. வேலை செய்யாதவருக்கு ஆயுள் முழுக்க அனுமதி கொடுக்கலாம். ரெண்டு பேருக்கும்."

"ஆனா அது இப்போ ஓடுதேங்க."

"அதைத்தான் சொல்றேன்."

"கழட்டுறதும் வேலைதானேங்க?"

"செஞ்சதைச் செய்யாததா ஆக்கினா கணக்கு நேராயிடும்" என்று ஆய்வாளர் முத்திரையை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

லிஃப்ட்காரர் கதவின் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தார். மனைவி பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்து, பக்கத்துப் பெண்ணிடம், "லிஃப்டை ஓட வெச்சது எங்க வீட்டுக்காரர்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

நான்கு நிமிடத்தில் முத்திரை விழுந்தது.

"பாத்ரூம் போயிட்டு வரேன்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு அவர் கீழே இறங்கினார். மாட்டுக்காரர் வரிசையின் முன்னால் வந்திருந்தார். "அடுத்த நடை நான்தாண்ணே!" என்று கோப்பை ஆட்டிக் காட்டினார். லிஃப்ட்காரர் படிக்கட்டின் அடியில் காத்திருந்தார். லிஃப்ட் காலியாகக் கீழே வந்து நிற்கட்டும், யாரும் நடுவில் மாட்டிக்கொள்ளக் கூடாது. முப்பத்து நான்கு வருடப் பழக்கம். பிறகு ரிலேயைக் கழற்றித் துணியில் சுற்றினார். முன்பு கட்டியவர் முடிச்சைச் சரியாகப் போட்டிருக்கவில்லை. இவர் சரியாகப் போட்டார்.

இயக்குபவர் பலகையை மறுபடி மாட்டிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தார். கூடத்தில் யாரும் சண்டை போடவில்லை. ஓடியபோதுதான் ஆச்சரியப்பட்டார்களே தவிர, நின்றதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை.

மனைவி அறுபத்தாறு படியையும் கம்பியைப் பிடித்துப் பக்கவாட்டில் இறங்கினார். கீழே வந்து சேர அரை மணி ஆனது.

"அண்ணே, இப்பத்தானே ஓடிச்சு!" என்றார் மாட்டுக்காரர். "உங்களுக்குத் தெரியாததா? ஒரு பார்வை பாருங்களேன்."

"நான் ஓய்வு பெற்றவனுங்க" என்றார் லிஃப்ட்காரர்.

"அட, ஆமா. மறந்தே போயிட்டேன். நானே சாட்சி!" மாட்டுக்காரர் சிரித்தார். "அந்தப் பதிவேட்டைக் கொடுங்க, இன்னைக்குப் போட வேண்டியதைப் போட்டுடுறேன்." 'எந்த வேலையும் செய்யவில்லை' என்ற வரிக்கு நேராக, முழங்கால் மேல் வைத்து, நல்ல மனசோடு கையெழுத்துப் போட்டார். பிறகு கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இடுப்பைப் பிடித்தபடி முதல் படியில் கால் வைத்தார்.

மனைவி கணவரின் விரல்களைப் பார்த்தார். நுனியெல்லாம் கறுப்பாக மசகு. அனுமதிச் சீட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்துவிட்டு, கைக்குட்டையை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"நல்லாத் தொடைங்க. சும்மா இருந்த கை மாதிரி தெரியணும்."